இரண்டு முறை உப்பு

என் நாக்கைப் பற்றிக் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள். மீன்காரரோடு சண்டை, ஆட்டோக்காரரோடு சண்டை, பால் பாக்கெட்டை வெயிலில் போட்டுவிட்டுப் போனவரோடு சண்டை. அப்படிப்பட்ட நான் பிழைப்புக்குச் செய்கிற வேலை, வாயை அடக்கிக்கொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்பது. "அங்க பேசாம இருக்கறதயெல்லாம் சேத்து வெச்சு வீட்டுல கொட்டறே" என்பார் என் வீட்டுக்காரர். பொய் என்று சொல்ல முடியாது.

பஜார் தெருவில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்குக்கு மேல் மாடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் கடைசி அறை என்னுடையது. கஞ்சா புகைக்கிறவர்கள், ஆனால் சிகிச்சை எதுவும் வேண்டாம் என்கிறவர்கள், அவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். எல்லோரும் வயது வந்தவர்கள். வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள், சாயங்காலமானால் புகைக்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்பார்கள். சிலருக்கு உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டே தடவை உட்கார்ந்து பேசுவோம். மருந்து கிடையாது, படுக்கையில் சேர்ப்பது கிடையாது, சத்தியம் வாங்குவது கிடையாது. கை மீறிப் போனவர் என்று தெரிந்தால் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். மற்றவர்களிடம் கேள்வி மட்டும் கேட்பேன்.

வாசலில் மலையாளத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதன் கீழே தமிழில் நானே எழுதினேன்: "கஞ்சா பற்றிப் பேசலாம். நிறுத்தச் சொல்ல மாட்டோம்." இந்த ஒரு வரிக்காக எங்கள் பள்ளிவாசல் செக்ரட்டரி என்னோடு நடுத்தெருவில் சண்டைக்கு வந்தார். அரிசி மண்டி வைத்திருக்கிற பெரிய மனுஷர். "நிறுத்தச் சொல்ல மாட்டேன்னா வெறுதே எதுக்கு அங்க உக்காந்திருக்கே?" என்று கேட்டார். நான் அசரவில்லை. திட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது, பள்ளிவாசலில் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனிலும் இருக்கிறது. திட்டி யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை. கேட்டால் திருந்துவதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த வேலை பலிக்குமா என்று கேட்கிறவர்களிடம் நான் தயங்கியதே இல்லை. எல்லோருக்கும் பலிக்காது, ஒரே நாளில் பலிக்காது. ஆனால் பலிக்கும்.

இனி சொல்லப் போவதை எழுதட்டுமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுவிட்டேன். "அந்த உப்ப மஹல்லாவுல எல்லாத் தெருவும் குடிச்சாச்சு டீச்சரே, இனி என்ன ரகசியம்" என்றார்.

போன நோன்பில் நடந்தது. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் ஒரு பண்டாரி. கல்யாண வீடுகளில் பெரிய தாமிரச் செம்பு வைத்துப் பிரியாணி சமைக்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அத்தா காலத்திலிருந்து அந்தக் கஞ்சி அண்டா அவர்கள் வீட்டுக் கையில்தான் இருந்தது. மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கொட்டகையில் அடுப்பு மூட்டுவார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தெருவெல்லாம் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும். சிலர் பள்ளிவாசலிலேயே உட்கார்வார்கள், நாங்கள் வீட்டுக்கு வாங்கி வந்து, சூரியன் மறைந்ததும் சொல்கிற மஹ்ரிப் பாங்குக்குக் காத்திருப்போம்.

முதல் வாரத்தில் ஒரு நாள், பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆனபின் கஞ்சியை வாயில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றுவிடும், அப்படி ஒரு உப்பு. பகல் முழுக்கத் தண்ணீர் படாத தொண்டைக்கு அது எப்படி இருக்கும் என்று நோன்பு வைத்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மனிதரை நான் என் வீட்டுச் சமையலறையில் நின்று திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. கை தவறிப் போயிருக்கும் என்று தெரு மன்னித்தது. சில நாள் கழித்து மறுபடியும் கரித்தது. சமைக்கிறவரும் நோன்பு, வாங்குகிறவரும் நோன்பு. பாங்கு சொல்கிற வரைக்கும் உப்பு கூடியதா குறைந்ததா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடலாம், சமைக்கிறவருக்கு அதற்கு அனுமதி உண்டு என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொல்கிறார்கள். இவர் கேட்க மாட்டார். இவருடைய அத்தா முப்பது நோன்பும் நாக்கில் படாமல் உப்புப் போட்ட கை. அந்தப் பெருமையை இவர் விடுவதாக இல்லை.

செக்ரட்டரி கடைசி வார்த்தை சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை கரித்தால் அண்டா இடக்கொச்சியில் இருக்கிற இன்னொரு பண்டாரிக்குப் போகும். அது வெறும் அண்டா அல்ல. நோன்பு முடிந்தால் கல்யாண சீசன். பள்ளிவாசலே வேண்டாம் என்று தள்ளிய ஆளை எந்த வீட்டில் செம்பு வைக்கக் கூப்பிடுவார்கள்? அவருடைய பிழைப்பே அந்தக் கஞ்சியில்தான் கிடந்தது.

அதற்கு மறுநாள் காலை என் அறை வாசலில் செருப்புச் சத்தம். அதே பண்டாரி. திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்து வந்தது. அவர் பலகையை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"நான் நிப்பாட்டறதுக்கு வரல, டீச்சரே. அத ஆத்யமே சொல்லிடறேன்."

"நான் நிப்பாட்டச் சொல்லவும் மாட்டேன், இக்கா. உக்காருங்க" என்றேன்.

நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. ஆனால் கேரளத்தில் கொஞ்சம் படித்த பெண் என்றால் டீச்சர்தான், எங்கள் தெருவில் வயதில் மூத்த ஆண் என்றால் இக்காதான். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் என்ன சொன்னாலும் பதிலுக்குச் சண்டை போட எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். கள்ளைத் தொட்டதில்லை, சாராயத்தைத் தொட்டதில்லை. இது வெறும் இலை. யாரிடமும் கை நீட்டியதில்லை. வீட்டில் அரிசி தீர்ந்ததில்லை.

"பின்ன, நோன்புல பகல் முழுக்க நான் தொடமாட்டேன். முப்பது நாளும். அடிமைன்னா அது முடியுமோ? நீங்களே சொல்லுங்க."

என் நாக்கு துறுதுறுத்தது. தொடாமல்தான் ஊருக்கெல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டிருந்தால் எனக்கு அருமையாக இருந்திருக்கும். அவரும் அருமையாகக் கோபப்பட்டு எழுந்து போயிருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் கேட்டது வேறு. கஞ்சாவில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன்.

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பேசினார். செம்பின் வாய் திறந்து ஆவி முகத்தில் அடித்து முடிந்த பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை. கல்யாண வீட்டுச் சத்தம், ஆள் ஏவுகிற சத்தம். ஒரு பீடி இழுத்தால் எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் ராத்திரி மட்டும்தான். இந்த வருஷம் மூட்டுவலி வந்த பிறகு, விடிவதற்கு முன்னால் சாப்பிடுகிற சஹர் நேரத்திலும் தொடங்கியது. நோன்பில் பகல் முழுக்க முடியாது என்பதால், காலைப் பாங்குக்கு முன்னால் பெரிதாக ஒன்று இழுத்துவிட்டுப் படுத்து, லுஹருக்கு எழுந்து நேரே அடுப்புக்குப் போகிறார்.

"பகல் தொடாம இருக்கறதுக்கு ஒரு உறுதி வேணும், இக்கா. அது உங்ககிட்ட இருக்கு" என்றேன். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, நினைத்ததைத்தான் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நோன்பு திறக்கறீங்க. பேரீச்சம்பழம், தண்ணி. அது முடிஞ்சதும் கை எங்க போகும்?"

கீழே யாரோ மூட்டையை இறக்கினார்கள். சுக்குத் தூசி மாடி வரைக்கும் ஏறி வந்தது. அவர் தும்மினார், மூக்கைத் துடைத்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"கொட்டகைக்குப் பின்னாடி சுவர் உண்டு, காயல் பக்கம்" என்றார் கடைசியில். "அங்க போவேன்."

"திரும்பி வரும்போது?"

"எல்லாரும் தொழுகைக்குப் போயிருப்பாங்க. அண்டா கழுவற நேரமா இருக்கும்."

நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் கஷ்டமானது அதுதான். கேள்வி நாக்கில் தயாராக நிற்கும், கேட்கக் கூடாது. அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கஞ்சி குடிக்கல" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "இந்த நோன்பு தொடங்கினதுலேர்ந்து என் கஞ்சிய நான் ஒரு வாய் குடிக்கல, டீச்சரே. கரிக்குதுன்னு அவங்க சொன்னப்ப நான் விஸ்வசிக்கல. இடக்கொச்சிக்காரனுக்கு அண்டா வாங்கிக் கொடுக்க நாடகம் போடறாங்கன்னு நெனச்சேன்."

மஹல்லா முழுக்க ருசி பார்த்த கஞ்சியை அதைக் காய்ச்சியவர் மட்டும் பார்த்ததில்லை. அவரைச் சமையலறையில் நின்று திட்டிய எனக்கும் அது தோன்றியதில்லை.

கஞ்சா ஞாபகத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். பழையது போகாது, இப்போது நடப்பதுதான் பிடி நழுவும் என்றேன். அத்தா கற்றுக்கொடுத்த கைப்பக்குவம் அப்படியே இருக்கும், கொஞ்ச நேரம் முன்பு போட்ட உப்பு மறந்து போகலாம். நிறையப் புகைக்கிறவர்களுக்கு மறுநாளும் அந்த மந்தம் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. தூக்கம் கெட்டதும் பட்டினியும்கூடச் சேர்ந்திருக்கலாம். இதைக் கேட்டு என்ன தோன்றுகிறது என்று அவரிடமே விட்டேன்.

"அரிசி கொதிக்கும்போது ஒரு தடவ போடுவேன். தேங்காப்பால் ஊத்தினப்பறம் போட்டேனா போடலயான்னு ஒரு சம்சயம் வரும்" என்றார்.

எழுந்திருக்கும்போது அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். இன்று சாயங்காலம் பழம், தண்ணீர், அடுத்தது கஞ்சி. அதன் பிறகு சுவர்ப் பக்கம் போவதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம். "இத்ர மதியோ?" என்று கேட்டார். போதும் என்றேன். இவ்வளவு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு போகிறாரே என்று எனக்கு ஒரு துளி கவலை கிடையாது. அவராக எடுத்தது அது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தூக்கோடு வந்தார். பாங்கு சொன்னது. பழம், தண்ணீர், கஞ்சி. கரித்தது. முன்பைவிட மோசமாகக் கரித்தது.

வீட்டுக்காரர் கோப்பையை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தார், வசவுக்குக் காத்திருக்கிற மாதிரி. இதே நேரத்தில் பள்ளிவாசலில் பண்டாரியும் குடித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்புதான் எனக்கு ஓடியது. வார்த்தையைக் காப்பாற்றியிருந்தால், இந்த நிமிஷம் அவர் தொண்டையிலும் இதே உப்பு இறங்கும். நான் கோப்பை முழுவதையும் குடித்தேன். "உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அறையில் பேசியதை வீட்டில் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னாலேயே பண்டாரி படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. சொன்னபடி ரெண்டாவது தடவை பேசுவதற்கு அவருக்கு இன்னும் நாள் இருந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

"முழுசும் குடிச்சேன்" என்றார், கதவைத் திறப்பதற்குள். "ஒரு கோப்ப குடிச்சு முடிச்சு, இன்னொரு கோப்ப வாங்கிக் குடிச்சேன். பக்கத்துல ஒரு வயசான ஆளு, குடிக்கவும் மாட்டாம துப்பவும் மாட்டாம உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்து ஒரு வார்த்த சொல்லல."

செக்ரட்டரி மட்டும் சொல்லியிருக்கிறார். நாளையிலிருந்து இடக்கொச்சி ஆள் வருவான், நீ வீட்டில் இரு என்று.

உள்ளே வந்ததும் கோபம் என் மேல் திரும்பியது. "நீங்க நிப்பாட்டுன்னு சொல்லியிருந்தா உங்க மேல தேஷ்யப்பட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இப்ப நான் யாரு மேல தேஷ்யப்படறது?"

தண்ணீர் கொடுக்கலாம் என்றால் நோன்பு. மின்விசிறியை மட்டும் கூட்டி வைத்தேன். அவர் அழுதார். கொஞ்ச நேரம்தான். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இனி எப்படிச் செய்யலாம்னு இருக்கீங்க?"

"அண்டா எனக்குத் திரும்ப வேணும்."

"அதுக்கு?"

சஹர் நேரத்துப் புகையை இன்று காலையே தொடவில்லை என்றார். தூக்கமும் வரவில்லை, மூட்டுவலி உயிரை எடுக்கிறது. பெருநாள் வரைக்கும் காலையில் அது வேண்டாம். ராத்திரி பற்றி இப்போது சொல்ல முடியாது, பொய் சொல்ல விருப்பமில்லை. மூட்டுவலிக்கு முன் அறையில் டாக்டர் இருக்கிறார் என்று சொன்னேன், பார்க்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, செக்ரட்டரியிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று கேட்டார்.

பேசியிருக்கலாம். அந்த அரிசி மண்டிக்குள் நுழைந்து நாலு வார்த்தை விட்டுவிட்டு வர எனக்கு எவ்வளவு ஆசை என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் நான் போய்ப் பேசினால் அது டீச்சர் வாங்கிக்கொடுத்த அண்டா ஆகிவிடும். மாட்டேன் என்றேன். அங்கே போய் என்ன சொல்லலாம் என்று இங்கே சொல்லிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என் மேஜையைச் செக்ரட்டரியாக நினைத்துக்கொண்டு பேசிப் பார்த்தார். முதல் தடவை கெஞ்சினார். அடுத்த தடவை சண்டை போட்டார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

நடந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டதால் எனக்கும் மதியத்துக்குள் தெரிந்தது. மண்டியில் நாலு பேர் நிற்கும்போதே உள்ளே போய், உப்பு ரெண்டு தடவை விழுந்தது, அது என் கைதான், காலையில் நான் புகைக்கிறதுதான் காரணம் என்று நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "உப்புப் பாத்திரம் என் கிட்ட வேண்டாம். நீங்களே கொண்டு வாங்க. நான் ஒரு தடவ போட்டதும் எடுத்துட்டுப் போயிடுங்க." செக்ரட்டரி இடக்கொச்சிக்குப் போன் போட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றாராம். லுஹர் முடிந்து அந்தப் பெரிய மனுஷர் உப்புப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றதைப் பார்க்கத் தெருவே கூடியது. நான் மட்டும் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தூக்கோடு வரவில்லை. பாங்கு சொல்லியாகிவிட்டது, ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. ஒரு பழத்தைத் தின்று தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலில் நின்றேன். சேர்த்து வைத்த வசவெல்லாம் வரிசை கட்டி நின்றது. தொழுகை முடிந்து, தெருவிளக்கு எரிந்து, அதற்கப்புறம்தான் தூக்கை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கஞ்சிய வாங்கிட்டு வரத் தெரியாதா? அங்கயே உக்காந்து நோன்பு திறந்தா நான் இங்க என்ன செய்வேன்?"

"எல்லாரும் அங்கதான் இருந்தாங்க. யாரும் வீட்டுக்குப் போகல" என்றார். "பாங்கு சொன்னாங்க. பழம் தின்னாச்சு, தண்ணி குடிச்சாச்சு. கஞ்சிய ஒருத்தரும் தொடல. கோப்பய முன்னாடி வெச்சுக்கிட்டு எல்லாரும் அவர் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தாங்க."

எனக்கு வசவெல்லாம் மறந்து போனது. "அவரு?"

"கோப்பய எடுத்தாரு. ஒரு வாய் குடிச்சு கண்ண மூடினாரு."

"அப்புறம்?"

"இன்னொரு வாய் குடிச்சாரு."

"அட, சொல்லித் தொலைங்களேன்!"

"அப்புறம் நாங்க எல்லாரும் குடிச்சோம்" என்றார்.

தூக்கைப் பிடுங்கித் திறந்தேன். கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நின்றபடியே ஊற்றிக் குடித்தேன். தேங்காய்ப்பால், வெந்தயம், புதினா, அளவான உப்பு. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார், நான் சொல்லவில்லை.

கஞ்சி குடித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் போனாரா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு கோப்பை ஊற்றினேன். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே அவராகச் சொன்னார்:

"நான் லேட்டானதுக்கு அவரும்தான் காரணம். தொழுகை முடிஞ்சு மறுபடியும் அண்டா பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு, நாங்களும் கூட உக்காந்துட்டோம். கடைசி ஆளு குடிச்சு முடிக்கற வரைக்கும் எங்கயும் எந்திரிச்சுப் போகல."